ஆட்டுத் தலையிடம் மன்னிப்பு

கோக்தாசாயில் முதல் பனி விழுந்த வாரத்திலேயே, வீடுகளுக்கு வெப்பமும் வெந்நீரும் அனுப்புகிற கொதிகலன் நிலையம் படுத்துவிட்டது. மாவட்ட அலுவலகம் அப்படிச் சொல்லவில்லை. ஊர் "சூடேற்றும் பருவத்துக்குள் கட்டங்கட்டமாக நுழைகிறது" என்று அறிவித்தது. முதல் கட்டத்தில் மாவட்ட அலுவலகம் நுழைந்தது. மற்ற கட்டங்களைப் பற்றித் தகவல் இல்லை. நஸ்கேனும் அவள் அம்மா பல்சியாவும் இருந்த மூன்றாவது குடியிருப்பில் மக்கள் மேலங்கியோடு படுத்தார்கள், மேலங்கியோடு எழுந்தார்கள். வெந்நீர்க் குழாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது, அதுவும் சில்லென்று.

நஸ்கேனுக்கு ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் அது கடைசி ஆண்டு. சான்றிதழ் வந்துவிட்டால் எங்காவது ஒரு தொடக்கப் பள்ளியில் வேலை கிடைக்கும். அதுவரை வீடு நடப்பது அம்மாவின் சம்பளத்தில். அம்மா அரசு பாலர் பள்ளியில் சமையல்காரி.

தாய்மாமன் வீட்டில் குளிர்கால இறைச்சி விருந்து. பெரியவர்கள் உள்ளறையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். சமையலறையில் வெந்த ஆட்டுத் தலை ஒன்று தட்டில் தயாராக இருந்தது, முதன்மை விருந்தாளிக்கு முன் கொண்டுபோய் வைப்பதற்காக. காதுகளை வழக்கப்படி அறுத்துச் சிறுவர்களுக்குக் கொடுத்தாகிவிட்டது. நஸ்கேனுக்குத் தட்டைப் பார்த்துக்கொள்ளும் வேலை. ஆட்டுத் தலையை எவ்வளவு நேரம்தான் பார்த்துக்கொண்டிருக்க முடியும். கைபேசியைத் தேநீர்க் கெண்டியில் சாய்த்துவைத்துவிட்டு, கரண்டியை ஒலிவாங்கிபோல் தலையின் வாயருகே நீட்டினாள்.

"மதிப்புக்குரிய தலை அவர்களே, மூணாவது குடியிருப்புக்கு வெந்நீர் எப்போ வரும்?"

தலை பேசவில்லை.

"தலை யோசிக்கிறார்," என்றாள் நஸ்கேன், கைபேசியைப் பார்த்து. "கண்ணு திறந்துதான் இருக்கு. நம்மளைத்தான் பாக்குறார். காதுதான் இல்ல. அதை என் மாமா பசங்க தின்னுட்டாங்க. அதனால நாம கேக்குறது அவருக்குக் கேக்கல."

அவ்வளவுதான் காணொளி. கூடப் படிக்கிற பெண்கள் சிரிக்கட்டும் என்று வலையில் போட்டுவிட்டு, தட்டை உள்ளே கொண்டுபோய்க் கொடுத்தாள்.

மறுநாள் அவள் கண் விழிப்பதற்குள் மாவட்டம் முழுவதும் கொதித்துக்கொண்டிருந்தது. அந்தக் குளிர்காலத்தில் கோக்தாசாயில் கொதித்தது அது ஒன்றுதான். பழைய கார்களை விற்கிற ஒருவர் 'தூய மரபு' என்று ஒரு வலையலைவரிசை நடத்தி வந்தார். அவர் தொப்பி அணிந்து உட்கார்ந்து, "தலையை வணங்கத்தான் முன்னோர் சொன்னாங்க, தலைகிட்ட கேள்வி கேக்கச் சொல்லல" என்று கண் கலங்கினார். அதன் கீழே ஆயிரக்கணக்கானோர் கூடினார்கள். பெண்ணைக் கல்லூரியிலிருந்து நீக்கு என்றார் ஒருவர். எந்தக் கல்லூரி என்று முதலில் சொல்லுங்கள், அதையே மூடிவிடலாம் என்றார் இன்னொருவர். தன் காலத்தில் ஆடுகளுக்கு இருந்த மரியாதை இப்போது மனிதர்களுக்குக்கூட இல்லை என்று ஓய்வுபெற்ற ஒருவர் நீளமாக எழுதினார். இறைச்சி நன்றாக வெந்திருக்கிறது என்று மட்டும் ஒருவர் எழுதியிருந்தார். அவரைத்தான் எல்லாரையும்விட அதிகமாகத் திட்டினார்கள்.

பாலர் பள்ளித் தலைவி பல்சியாவைக் கூப்பிட்டு விட்டாள்.

"உங்க பொண்ணு பண்ணினதுக்கும் உங்க வேலைக்கும் சம்பந்தமில்லதான், பல்சியா. ஆனா வீடியோவுல சமையலறை வருதே. நீங்களும் சமையலறையிலதானே இருக்கீங்க. மேலேருந்து என்ன சொல்றாங்கன்னு பாப்போம். அதுவரைக்கும் நீங்க காய் மட்டும் நறுக்குங்க. இறைச்சியைத் தொட வேண்டாம்."

மாலையில் காவல் துறை கேப்டன் ஒராஸ் வந்து, நஸ்கேன் இளைஞர் நல்லுணர்வுப் பாதுகாப்பு ஆணையத்தின் முன் ஆஜராக வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். போகும்போது, "நல்லா உடுத்திக்கிட்டு வா. ஆனா ரொம்ப வேண்டாம், அங்க சூடா இருக்கும்," என்றார்.

சூடாகத்தான் இருந்தது. மாவட்ட அலுவலகத்தில் சன்னல்களைத் திறந்து வைத்திருந்தார்கள். ஒரு குமாஸ்தா அரைக்கைச் சட்டையில் விசிறிக்கொண்டிருந்தான். நஸ்கேன் மேலங்கியைக் கழற்றினாள், கம்பளிச் சட்டையைக் கழற்றினாள், அதற்குக் கீழே இருந்த இன்னொன்றையும் கழற்றினாள். பல வாரங்களுக்குப் பிறகு கால்விரல்கள் இருக்கிற இடம் தெரிந்தது. இந்த அறையில் இன்னும் கொஞ்ச நேரம் உட்கார விடுவார்களென்றால் எந்தக் குற்றத்தையும் ஒப்புக்கொள்ளலாம் என்றுகூட அவளுக்குத் தோன்றியது.

ஆணையத்தில் மூன்று பேர். தலைமை, மாவட்டத் துணைத் தலைவர் தொக்தார் அகா. அகலமான, நரைத்த, நிதானமான மனிதர். அவருக்கு வலப்புறம் இளைஞர் பிரிவுச் செயலாளர் ஜுபார் அப்பாய். அங்கே மூத்த ஆண்களை மரியாதையாக அகா என்பார்கள், பெண்களை அப்பாய் என்பார்கள். இடப்புறம் கணினியோடு கேப்டன் ஒராஸ்.

"வா, அய்னலாயின், உக்காரு," என்றார் ஜுபார் அப்பாய். கண்ணே என்று கொஞ்சுகிற சொல்தான். அந்த அறையில் தண்டனை அதிலிருந்துதான் தொடங்கும்.

தொக்தார் அகா தொண்டையைச் செருமினார். "தலைன்னு சொன்னியே, யாரைச் சொன்ன?"

"ஆட்டை, அகா."

"எந்த ஆட்டை?"

"மாமா வளர்த்தது. கறுப்பு ஆடு."

"ஆட்டுக்கிட்ட எதுக்கும்மா வெந்நீர் கேட்ட?"

"மத்தவங்ககிட்ட எல்லாம் முன்னாடியே கேட்டாச்சு, அகா."

கேப்டன் தலையைத் தூக்கினார். "இதை எப்படி எழுதறது?"

"எழுதாதே." தொக்தார் அகா எழுந்து நின்றார். உட்கார்ந்தபடி அவருக்கு உரையாற்ற வராது. "பொண்ணே, இந்த மாவட்டமே உன் வீடியோவைப் பாத்துடுச்சு. அந்தத் தட்டுல இருக்கிறது நம்ம மாவட்டத் தலைவர் மாதிரி இருக்குன்னு ஒருத்தராவது எழுதினாங்களா? இல்ல. ஏன்னா நம்ம மக்களுக்கு மரியாதை தெரியும். அப்படி ஒரு நெனப்பே அவங்களுக்கு வரல. பொறுப்புள்ள பதவியில இருக்கிறதால எனக்குத்தான் பாத்த உடனே வந்துச்சு. அந்த நெத்தி, அந்தப் பார்வை, கேள்வி கேட்டதும் அப்படியே வாயை மூடிக்கிட்டு..."

அவர் நிறுத்தினார். விசைப்பலகைச் சத்தமும் நின்றது.

"எழுதிட்டியா?"

"'பார்வை' வரைக்கும் எழுதிட்டேன், அகா."

"அழி."

கேப்டன் அழித்தார். பிறகு சட்டச் சிக்கலை விளக்கினார். தலைவரை இழிவுபடுத்தினாள் என்று வழக்குப் போட்டால், வெந்த தலைக்கும் தலைவருக்கும் ஒற்றுமை உண்டு என்று காவல் துறையே எழுத்தில் ஒப்புக்கொண்டதாகிவிடும். நிபுணர் வேண்டும். நிபுணர் இரண்டு முகத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். பார்த்துவிட்டு உண்மையைச் சொல்லிவிட்டால் என்ன செய்வது?

திறந்த சன்னல் வழியாகப் பனி ஒன்றிரண்டு உள்ளே வந்து கரைந்தது.

"அப்போ ஆட்டையே இழிவுபடுத்தினதா வச்சுக்கலாம்," என்றார் ஜுபார் அப்பாய். "மரபுங்கிற முறையில. அய்னலாயின், நீ ஆட்டுத் தலைகிட்ட மன்னிப்புக் கேட்டு ஒரு வீடியோ எடுத்துக் கொடுத்துடு. இல்லேன்னா கேப்டன் உன்னைக் கொஞ்ச நாள் உள்ள வைக்கணும். அப்புறம் சான்றிதழ், அம்மா வேலை, அதெல்லாம் எங்க கையில இல்ல." எங்கள் கையில்தான் இருக்கிறது என்பதை அவர் அவ்வளவு கனிவாகச் சொன்னார்.

வீட்டில் அம்மா இரண்டு சால்வை போர்த்திக்கொண்டு நடந்ததையெல்லாம் கேட்டாள். கேட்டுவிட்டு, "சொல்லச் சொன்னதைச் சொல்லிடு, நஸ்கேன்," என்றாள். "நமக்கென்ன குறைஞ்சுபோச்சு. உசுரோட இருக்கிறவங்ககிட்ட மன்னிப்புக் கேட்டாத்தான் கஷ்டம். இது வெந்த ஆடு."

"நான் என்னம்மா தப்புப் பண்ணினேன்?"

"அது யாருக்குத் தெரியும். அவங்களுக்கே தெரியல. அதனாலதான் பயமா இருக்கு."

முதல் மன்னிப்பை ஜுபார் அப்பாயின் அறையில் எடுத்தார்கள். பின்னால் கொடி, பக்கத்தில் பூச்சாடி. உரையை எழுதியதும் படம் எடுத்ததும் அப்பாயே. "நான், நஸ்கேன், தலையின் மாண்பைக் குலைத்தேன். தலை எப்போதும் நம்மைப் பார்க்கிறது, கேட்கிறது, உரிய நேரத்தில் பதிலளிக்கிறது. தலை இன்றி உடல் இல்லை. தப்புப் பண்ணிவிட்டேன், தலையே, என்னை மன்னித்துவிடு." நஸ்கேன் சொன்னாள். மனசிலிருந்து வரவில்லை என்றார் அப்பாய். திரும்பச் சொன்னாள். உதடு ஓரத்தில் சிரிப்பு மாதிரி ஏதோ இருக்கிறது என்றார். மாலைவரை சொன்னாள். கடைசியில் சளியால் அவளுக்கு மூக்கு ஒழுகத் தொடங்கியது. "இதுதான்," என்றார் அப்பாய் உருகிப்போய். "இந்தக் கண்ணீர்தான் வேணும்."

அந்தக் காணொளி முதல் காணொளியைவிட வேகமாக ஓடியது. முதலில் சிரிக்காதவர்களும் சிரித்தார்கள். சிரித்தவர்களைக் கண்டித்து ஒரு கூட்டம், கண்டித்தவர்களைக் கண்டித்து இன்னொரு கூட்டம். 'தூய மரபு'க்காரர் தொப்பியை மாற்றிக்கொண்டு வந்து ஒரு நியாயமான கேள்வி கேட்டார். "மன்னிப்புக் கேட்டா. சரி. யார்கிட்ட கேட்டா? படத்துல தலை எங்க?"

ஆணையம் மறுபடி கூடியது. தலை இல்லாமல் கேட்ட மன்னிப்பு செல்லாது என்று தீர்மானித்தது. பழைய தலையைச் சான்றுப் பொருளாகக் கைப்பற்ற கேப்டன் ஒராஸ் மாமா வீட்டுக்குப் போனார். முதன்மை விருந்தாளி சதையைத் தின்றிருந்தார், எலும்பை நாய் கொண்டுபோயிருந்தது. நாயைக் கொஞ்ச நேரம் துரத்திவிட்டுக் கேப்டன் வெறுங்கையோடு திரும்பினார். புதிதாக ஓர் ஆடு வாங்கினார்கள். நிறம் கறுப்பாக இருக்கவேண்டும் என்பதில் தொக்தார் அகா உறுதியாக இருந்தார். வேகவைக்க அரசு ஊழியர்தான் வேண்டும் என்பதால் பல்சியாவை வரச்சொன்னார்கள். அன்று ஒரு நாளுக்கு மட்டும் இறைச்சியைத் தொட அவளுக்கு அனுமதி.

காதை அறுப்பதா வேண்டாமா என்று நடந்த விவாதம்தான் நீண்டது. வழக்கப்படி அறுக்கவேண்டும். அறுத்தால், தலைக்குக் காது கேட்கவில்லை என்று இந்தப் பெண் சொன்னது உண்மையாகிவிடும். "காது இருக்கட்டும்," என்று முடித்துவைத்தார் தொக்தார் அகா. "ரெண்டும் இருக்கட்டும். நல்லா நிமிர்த்தி வைங்க. கேக்கிற மாதிரி தெரியணும்."

பெரிய கூட்ட அறையில் படப்பிடிப்பு. நீண்ட மேசையின் ஒரு கோடியில்தான் சன்னல் வெளிச்சம் நன்றாக விழுந்தது. அங்கே மாவட்டத் தலைவரின் உயரமான தோல் நாற்காலி இருந்தது. தலைவர் தலைநகரில் ஏதோ மாநாட்டுக்குப் போயிருந்தார். தட்டை மேசையில் வைத்தார்கள். படத்தில் தாழ்வாகத் தெரிந்தது. சூடேற்றும் பருவம் தொடர்பான கோப்புகள் நிறையக் கிடந்தன. அவற்றை அடுக்கி, அதன்மேல் தட்டை வைத்தார்கள். இப்போது தலை நாற்காலியின் தலைச்சாய்வுக்குச் சரியாக வந்தது.

நஸ்கேன் கைபேசித் திரையைப் பார்த்தாள்.

"அப்பாய், தலையைக் கொஞ்சம் அந்தப் பக்கம் வைக்கலாமே."

"வெளிச்சம் இங்கதான், அய்னலாயின்."

"நாற்காலி தெரியுது, அப்பாய்."

"தெரியட்டும். புது நாற்காலி."

"இல்ல அப்பாய், பாக்கிறவங்க வேற மாதிரி..."

"வேற மாதிரி நெனச்சு நெனச்சுத்தான் நீ இங்க வந்து நிக்கிற," என்றார் தொக்தார் அகா. "சொன்னதை மட்டும் செய்."

வாசலில் கரண்டியோடு நின்ற பல்சியா மகளைப் பார்த்துக் கண்ணால் கெஞ்சினாள். நஸ்கேன் வாயை மூடிக்கொண்டாள். கைகளைக் கட்டி, இடுப்பை வளைத்து, தோல் நாற்காலியில் வீற்றிருப்பதுபோல் தெரிந்த ஆட்டுத் தலையிடம், "மதிப்புக்குரிய தலை அவர்களே, என் கேள்வியால் உங்கள் மனம் புண்பட்டிருந்தால்" என்று தொடங்கிச் சொல்லி முடித்தாள். தலையிலிருந்து ஆவி பறந்துகொண்டிருந்தது. முதல் தடவையிலேயே நன்றாக வந்துவிட்டது என்று எல்லாரும் மகிழ்ந்தார்கள். அலுவலகத்தின் அதிகாரபூர்வப் பக்கத்தில், முத்திரையோடு வெளியிட்டார்கள்.

இந்த முறை நாடு முழுவதும் பார்த்தது. வெளிநாட்டில் வேலைக்குப் போயிருந்தவர்கள் பார்த்தார்கள். எதையும் பார்க்காத மாகாண அலுவலகமும் பார்த்தது. பனி உருகுவதற்குள், கோக்தாசாய் மாவட்டத் தலைவர் "வேறு பணிக்குச் செல்வதை முன்னிட்டு" விடுவிக்கப்பட்டார். ஆணையில் ஆட்டைப் பற்றி ஒரு சொல் இல்லை.

புதிய தலைவர் ஒல்லியானவர், கண்ணாடி போட்டவர். அவர் முகத்தோடு ஒப்பிட எந்த விலங்கும் உடனே நினைவுக்கு வரவில்லை என்பது எல்லாருக்கும் ஆறுதலாக இருந்தது. நாற்காலி மட்டும் அதேதான். அதில் உட்காருவதற்கு முன் அவர் ஒரு கேள்வி கேட்டார்.

"இதுல அதை வச்சது யாரு?"

ஜுபார் அப்பாய்க்கு அன்று மதியமே இரத்த அழுத்தம் ஏறியது, மருத்துவமனையில் சேர்ந்தார். கேப்டன் ஒராஸ் தான் வெறும் தட்டச்சுதான் செய்ததாகச் சொன்னார். அதுவும் பெரும்பாலும் அழித்ததுதான் என்றார். மிச்சமிருந்தது தொக்தார் அகா. வெள்ளிக்கிழமைக்குள் அவர் மன்னிப்புக் காணொளி கொடுக்க வேண்டும் என்று உத்தரவாயிற்று. ஆணையத்தினருக்குப் பிறரை மன்னிப்புக் கேட்கவைத்த அனுபவம் இருந்தது, தாங்களே கேட்ட அனுபவம் யாருக்கும் இல்லை. ஆகவே நஸ்கேனைக் கூப்பிட்டார்கள்.

அதே அறை, அதே கொடி, அதே பூச்சாடி. தொக்தார் அகா அடையாள அட்டைக்குப் படம் எடுக்க வந்தவர்போல் உட்கார்ந்திருந்தார். நஸ்கேன் கைபேசியைப் பிடித்தாள்.

"பணியின் போக்கில் சில குறைபாடுகள் இடம்பெற்றன," என்று தொடங்கினார்.

"யார் பண்ணினதுன்னு வரல, அகா."

"ஆணையத்தின் செயல்பாட்டில்..."

"ஆணையம்னா யாரு?"

"கூட்டுப் பொறுப்பும்மா அது."

"'நான் தப்புப் பண்ணிட்டேன்'னு சொல்லுங்க, அகா. எனக்கு அப்படித்தானே எழுதிக் கொடுத்தீங்க."

அவர் வாயைத் திறந்தார். 'நா' என்பதுவரை வந்தது. பிறகு 'நாங்கள்' ஆகிவிட்டது. மறுபடி முயன்றார். நெற்றியில் வேர்வை துளிர்த்தது. தண்ணீர் கேட்டுக் குடித்தார்; கோப்பை பல்லில் பட்டு ஒலித்தது.

"வர மாட்டேங்குது, பொண்ணே," என்றார் மெதுவாக. "சின்ன வயசுலேருந்து அரசாங்க வேலை. இந்த மாதிரி வாக்கியத்தை மத்தவங்க சொல்லிக் கேட்டுத்தான் பழக்கம். சொல்லிப் பாத்ததில்ல."

இந்த நாளை நஸ்கேன் பலமுறை கற்பனை செய்திருந்தாள். குளிரில் தூக்கம் வராதபோதெல்லாம் இவரை இந்த நாற்காலியில் உட்காரவைத்து, மனசிலிருந்து வரவில்லை, திரும்பச் சொல்லுங்கள் என்று மாலைவரை வாட்டியிருக்கிறாள். இப்போது திரையில் தெரிந்தது தளர்ந்த ஒரு கிழவர் மட்டும்தான். அந்த இடத்தில் உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை.

கைபேசியை அணைத்தாள்.

"எழுந்திருங்க, அகா. நான் எடுக்கல."

"நீ எடுக்கலேன்னா எனக்கு வேலை போயிடும்."

"தெரியல, அகா. எடுத்தா எனக்கும் இதுவே வேலையாப் போயிடும்."

அவிழ்த்து வைத்திருந்தவற்றை ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள். சான்றிதழ் போயிற்று என்று நினைத்துக்கொண்டே பனிச் சேற்றில் வீட்டுக்கு நடந்தாள். அம்மாவிடம் சொன்னாள். அம்மா தேநீர் ஊற்றிக் கொடுத்தாள்.

தொக்தார் அகா அன்றிரவு தன் வீட்டிலேயே, தானே, கைபேசியைக் கோணலாகப் பிடித்துப் படம் எடுத்தார். பாதி முகமும் பாதி கூரையும் தெரிந்தன. "நாங்கள்... நாங்கள்..." என்று நான்கைந்து முறை சொல்லிவிட்டு, மேலே சொல்ல முடியாமல் அழுதுவிட்டார். அவ்வளவுதான். ஆனால் மக்கள் உருகிப்போனார்கள். இப்படியும் ஓர் அதிகாரியா என்றார்கள். 'தூய மரபு'க்காரரும் தொப்பியைக் கழற்றிவிட்டு அழுதார். மாகாணம் இந்த அலையைக் கவனித்தது. கோக்தாசாயில் 'மன்னிப்புப் பண்பாட்டு மையம்' ஒன்றைத் திறந்து, தொக்தார் அகாவை அதற்கு இயக்குநராக்கியது. ஜுபார் அப்பாய் குணமாகி வந்து துணை இயக்குநரானார். தொடக்க விழாவில் தொக்தார் அகா பேசினார்: "முன்னாடி எல்லாம் தப்புப் பண்ணினவங்களைத் தேடிக் கண்டுபிடிக்கவே எங்களுக்கு நேரம் போயிடும். இனி அந்தக் கஷ்டம் இல்ல. மன்னிப்பு முதல்ல, தப்பு அப்புறம் பாத்துக்கலாம்." பலத்த கைதட்டல்.

நஸ்கேனின் சான்றிதழை யாரும் நிறுத்தவில்லை. அவளை நினைவில் வைத்திருக்க யாருக்கும் நேரமில்லை. பல்சியாவும் எவரும் சொல்லாமலேயே மறுபடி இறைச்சியை நறுக்கத் தொடங்கியிருந்தாள்.

மே மாதத்தில், ஆப்பிள் மரங்கள் பூத்து, ஊரே சன்னல்களைத் திறந்துவிட்ட பிறகு, மூன்றாவது குடியிருப்பு சூடேற்றும் பருவத்துக்குள் நுழைந்தது. சுவரிலிருந்த வெப்பக் குழாய்கள் தொட முடியாதபடி கொதித்தன. அவற்றை அணைக்க வழியில்லை. மக்கள் வேர்வையைத் துடைத்துக்கொண்டு படிக்கட்டில் வந்து உட்கார்ந்தார்கள். வெந்நீரும் வந்தது. முதலில் துரு, பிறகு மஞ்சள், பிறகு தெளிந்த, ஆவி பறக்கிற நீர். நஸ்கேன் துண்டை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போனவள் போனவள்தான்.

அவளுடைய கைபேசி ஒலித்தது. பல்சியா எடுத்தாள்.

"கேப்டன் ஒராஸ் பேசறேன். வெந்நீர் வந்துடுச்சா?"

"வந்துடுச்சு."

"நல்லது. மையத்துலேருந்து ஒரு வேண்டுகோள். உங்க பொண்ணு ஒரு நன்றி வீடியோ கொடுக்கணும். சின்னதா போதும். குழாயைத் திறந்து வச்சுக்கிட்டு. கண்ணுல கொஞ்சம் ஈரம் இருந்தா இன்னும் நல்லது. எங்க, அவளைக் கூப்பிடுங்க."

"அவ குளிக்கிறா," என்றாள் பல்சியா.

"எப்போ முடியும்?"

பல்சியா குளியலறைக் கதவைப் பார்த்தாள். உள்ளே தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. நஸ்கேன் ஏதோ பாடிக்கொண்டிருந்தாள், சுருதி சேராமல்.

"அது அவளுக்குத்தான் தெரியும்," என்று சொல்லி இணைப்பைத் துண்டித்தாள்.

துண்டித்த பிறகுதான் தான் செய்தது என்னவென்று அவளுக்கு உறைத்தது. கைபேசியைக் கொஞ்ச நேரம் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். அது மறுபடி ஒலிக்கத் தொடங்கியது. எடுத்துப்போய் மாவு டப்பாவுக்குள் வைத்து மூடினாள். பிறகு குளியலறைக் கதவைத் தட்டினாள்.

"யாரும்மா போன்ல?"

"யாருமில்ல," என்றாள் பல்சியா. "நீ மெதுவா வா."